ஆறு மாதக் கெடு: ஓட்டுநர் உரிமத்துக்குள் இருக்கும் நம் வரலாறு



எல்.எல்.ஆர். போட்ட எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. சாலை விதிகள் பற்றிய கேள்விகளுக்குக் கணினியில் விடை சொல்லித் தேறினால், பழகுநர் உரிமம் கையில் வரும். அன்றிலிருந்து ஆறு மாதம். அதற்குள் ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில் எட்டுப் போட்டோ, காரை ஓட்டிக் காட்டியோ தேறிவிட வேண்டும். தவறினால் அந்தக் காகிதம் செத்துவிடும். மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி அதே கேள்விகள்.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். சட்டத்தின் வரிகளில் வரவில்லைதான். ஆறு மாதம் என்றால் அம்பானி வீட்டுப் பிள்ளைக்கும் ஆறு மாதம், நம் சேரிப் பிள்ளைக்கும் ஆறு மாதம். ஆனால் ஒரே அளவுள்ள காலம் எல்லோர் கையிலும் ஒரே மதிப்புப் பெறுவதில்லை. வண்டி ஓட்டும் உரிமையை யாருக்கு, எந்த நிபந்தனையில், எவ்வளவு நாளுக்குள் கொடுப்பது என்று அரசுகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக முடிவு செய்து வந்திருக்கின்றன. அந்த முடிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தால், இந்தக் கெடுவும் மனிதர்கள் போட்டது, தேவைப்பட்டபோது மனிதர்களே தளர்த்தியது என்று தெரியவரும்.

தேர்வே இல்லாத காலம்

மோட்டார் வாகனச் சட்டத்தை நாம் பிரிட்டனிடமிருந்து பெற்றோம். அங்கே 1903இல் வந்த மோட்டார் கார் சட்டம், ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கட்டணம் ஐந்து ஷில்லிங். வண்டி ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பணம் கட்டினால் உரிமம். அன்று கார் வைத்திருந்தவர்கள் பெரும் பணக்காரர்கள். அவர்களைத் தேர்வு வைத்துச் சோதிக்கலாம் என்ற எண்ணமே ஆட்சியாளர்களுக்கு வரவில்லை.

முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. 1930களில் பிரிட்டிஷ் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 7,000 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் 1934ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஓட்டுநர் தேர்வைக் கொண்டுவந்தது. 1935 ஜூன் 1 முதல் அது கட்டாயம் ஆனது. அதிலும் ஒரு சலுகை. 1934 ஏப்ரல் 1க்கு முன்பே ஓட்டத் தொடங்கியவர்களுக்குத் தேர்வு கிடையாது. முன்னால் வந்தவர்கள் சோதனையின்றி உள்ளே. பின்னால் வருகிறவர்களுக்குச் சோதனை. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தனியான எழுத்துத் தேர்வு பிரிட்டனில் 1996 ஜூலையில்தான் வந்தது. அதில் தேறியவர் இரண்டு ஆண்டுகளுக்குள் ஓட்டுதல் தேர்வில் தேற வேண்டும். ஜெர்மனியில் எழுத்துத் தேர்வில் தேறிய 12 மாதங்களுக்குள் ஓட்டுதல் தேர்வை முடிக்க வேண்டும். இந்தியாவில் ஆறு மாதம். இன்னொரு வேறுபாடும் உண்டு. பிரிட்டனில் எழுத்துத் தேர்வுச் சான்றிதழ் காலாவதியானாலும், ஓட்டிப் பழகுவதற்கான தற்காலிக உரிமம் தனியாக உயிரோடு இருக்கும். நம் நாட்டில் இரண்டும் ஒரே காகிதம். கெடு முடிந்தால் தேர்வில் தேறியதும் போகும், வண்டியைத் தொடும் உரிமையும் சேர்ந்து போகும்.

கடிவாளம் யார் கையில்

கார் வருவதற்கு முன்பே நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கு ஓர் எழுதாத சட்டம் இருந்தது. யார் ஓட்டும் வண்டியில் யார் ஏறலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. அதற்கு அண்ணல் அம்பேத்கரே சாட்சி. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் அறிந்திருக்கும் குறிப்புகளில் இரண்டு வண்டிப் பயணங்களை அவர் பதிவு செய்திருக்கிறார்.

முதலாவது 1901இல். கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைப் பார்க்கச் சிறுவன் பீமராவும் உடன்பிறந்தவரும் உறவுப் பிள்ளைகளும் சாத்தாராவிலிருந்து ரயிலில் புறப்பட்டு மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகர் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் வர மறுக்கிறார். கடைசியில் ஒரு பேரம் படிகிறது. கூலி இரட்டிப்பு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார்.

இரண்டாவது 1929இல். அம்பேத்கர் அப்போது பாரிஸ்டர். தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். சாலிஸ்காவ் நிலையத்திலிருந்து மகர் குடியிருப்புக்கு அழைத்துப் போக எந்தக் குதிரை வண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். குடியிருப்பைச் சேர்ந்த, வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். வழியில் ஒரு பாலத்தில் வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. பல நாட்கள் நடமாட முடியவில்லை. கூலிக்கு வண்டி ஓட்டுபவரும் ஒரு பாரிஸ்டரைவிடத் தன்னை மேலானவராக நினைத்துக்கொள்ள முடிகிறதே என்று அவர் பிறகு சிந்தித்தார்.

அன்று கடிவாளம் பிடித்த அந்த மனிதரை நாம் மறக்கக் கூடாது. ஓட்டக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு அதுவரை வாய்த்திருக்கவில்லை. குதிரையும் வண்டியும் வேறொருவருடையவை, ஓட்டும் தொழிலும் வேறொருவருடையது. வண்டி சொந்தமாக இல்லாத சமூகத்துக்கு ஓட்டிப் பழகும் நேரமும் சொந்தமாக இருக்காது. இன்றைய ஆறு மாதக் கெடுவையும் நாம் இந்த இடத்திலிருந்தே படிக்க வேண்டும்.

உடைமையாளரும் சம்பளக்காரரும்

இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கென்று மத்தியச் சட்டம் முதலில் 1914இல் வந்தது. அதை நீக்கிவிட்டு 1939இல் விரிவான சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் ஒரு கோட்டைக் கிழித்தது. தன் காரைத் தானே ஓட்டுபவர் ஒரு வகை. சம்பளத்துக்கு ஓட்டுபவரும், லாரி, பஸ் போன்ற வண்டிகளை ஓட்டுபவரும் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரின் உரிமத்தில் அதற்கெனத் தனி அனுமதி எழுதப்பட்டிருக்க வேண்டும். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். ‘பேட்ஜ் இருக்கா?’ என்று ஓட்டுநர்களை நம் ஊரில் கேட்பதெல்லாம் இந்தக் கோட்டின் தொடர்ச்சிதான்.

நிலமில்லாத, கடை வைக்க முதலில்லாத நம் இளைஞர்கள் பலருக்குப் பரம்பரைத் தொழிலிலிருந்து வெளியே போகும் கதவுகளில் ஒன்று ஸ்டியரிங். டிராக்டர், லாரி, வேன், ஆட்டோ, கால் டாக்சி. எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவரை ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று ஊர் கேட்க முடியாது. ஆகவே இந்தக் கோட்டின் இரண்டாம் பக்கத்தில் சேர்க்கப்படும் ஒவ்வொரு நிபந்தனையும் நம் வாழ்க்கையைத் தொடும்.

ஆறு மாதம் எப்படிக் கரைகிறது

இன்று நடப்பில் உள்ள சட்டம் 1988இல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 14ஆம் பிரிவு பழகுநர் உரிமத்துக்கு ஆறு மாத ஆயுள் தருகிறது. அதே ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, பழகுநர் உரிமம் வாங்கி 30 நாட்களாவது ஆன பிறகே ஓட்டுதல் தேர்வுக்கு வரலாம் என்கிறது. ஆகவே கையில் இருப்பது சுமார் 180 நாட்கள் என்றாலும், பயன்படுத்தக் கூடியவை 150தான்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூலி வேலைக்குப் போகும் ஓர் இளைஞர் 60ஆம் நாள் தேர்வுக்குப் போகிறார் என்று வையுங்கள். தோற்றுவிட்டார். சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம். 68ஆம் நாள் மீண்டும் தோல்வி. 76ஆம் நாள் மூன்றாவது தோல்வி. மூன்று முறை தோற்றவர் கடைசித் தேர்விலிருந்து 60 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதோடு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் திருத்தப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். 136ஆம் நாள் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது 44 நாள். ஸ்லாட் கிடைப்பது, மழை, காய்ச்சல், வீட்டில் ஒரு சாவு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

ஒவ்வொரு முறை மைதானத்துக்குப் போவதும் ஒரு நாள் கூலி. 2016 டிசம்பரில் உயர்த்தப்பட்ட மத்தியக் கட்டணப்படி பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டுதல் தேர்வுக்கு 300, உரிமம் வழங்க 200. அரசுக் கட்டணம் பெரிய தொகையாகத் தெரியாது. அதற்கு வெளியேதான் உண்மையான செலவு. ஓட்டிப் பழக வண்டி வேண்டும், தேர்வுக்குக் கொண்டு போகவும் வண்டி வேண்டும். வீட்டு வாசலில் கார் நிற்கும் பிள்ளை அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தினமும் மாலை பழகிக்கொள்வான். நம் பிள்ளைக்கு டிரைவிங் ஸ்கூலில் ஒரு நாளுக்கு அரை மணி நேரம், அதுவும் பணம் கட்டிய நாட்களுக்கு மட்டும். இருவருக்கும் நாள்காட்டி ஒன்றுதான், பழகும் மணி நேரம் ஒன்றல்ல.

போக்குவரத்து வாகனம் என்றால் ஏணி இன்னும் நீளம். இலகு ரக வாகன உரிமம் வாங்கி ஓராண்டு ஆன பிறகே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் கேட்கலாம். பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் கட்டாயம். நடுத்தர, கனரக வாகனங்களுக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி. இதில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 7,500 கிலோவுக்குள் எடையுள்ள போக்குவரத்து வாகனத்தை ஓட்ட இலகு ரக வாகன உரிமமே போதும், தனி அனுமதி வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. டாக்சி, சிறிய சரக்கு வண்டி ஓட்ட நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எட்டாம் வகுப்பு என்ற கதவு

காலக்கெடுவுக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு கதவு 12 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தப்பட்ட 8ஆவது விதி, போக்குவரத்து வாகனம் ஓட்டும் உரிமம் கேட்பவர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றது. ஏற்கெனவே அந்த உரிமம் வைத்திருந்தவர்கள் அதைப் புதுப்பிக்க இந்த நிபந்தனை இல்லை. 1934இல் பிரிட்டனில் பார்த்த அதே ஏற்பாடு. முன்னால் வந்தவர் உள்ளே, பின்னால் வருகிறவர் வெளியே.

எட்டாம் வகுப்புக்கு முன்பே பள்ளியை விட்டு நின்றவர்கள் யார்? வயலுக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகள் யார்? இதற்கு நாம் புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை, நம் வீடுகளில் மூத்தவர்களைக் கேட்டால் போதும். சொந்தக் கார் ஓட்ட எட்டாம் வகுப்பு வேண்டாம். கூலிக்கு ஓட்டத்தான் வேண்டும். ஓட்டும் திறமைக்காக வைத்த விதி என்றால், அது காரின் நிறத்தட்டைப் பார்த்து மாறியிருக்காது.

2019 மே மாத இறுதியில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. சாலைப் பலகைகளைப் படிக்க முடியாதவர் பாதசாரிகளுக்கு ஆபத்து என்பது அதன் வாதம். சில வாரங்களில், ஜூன் 18 அன்று, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எதிர்த்திசையில் அறிவித்தது. எட்டாம் வகுப்பு நிபந்தனை நீக்கப்படும் என்றது. அமைச்சகம் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். ஹரியானாவின் மேவாத் பகுதி மக்களுக்கு விலக்குக் கேட்டு அம்மாநில அரசு எழுதியிருந்தது ஒன்று. ஏழைகளுக்கு வேலை கிடைக்கும் என்பது இன்னொன்று. போக்குவரத்துத் துறையில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்பது மூன்றாவது. அந்த ஆண்டு செப்டம்பரில் விதி மாறியது.

நீக்கியதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்றை மறக்க முடியாது. 2007இல் 20 வயதாக இருந்தவருக்கு 2019இல் 32. லாரி ஓட்டக் கற்றுக்கொள்ளும் அவருடைய வயது, கிளீனராகவும் லோடுமேனாகவும் கழிந்துபோயிற்று. அந்த ஆண்டுகளுக்கு யாரும் நீட்டிப்புத் தரவில்லை.

கெடு தளர்ந்த நேரங்கள்

விதிகளைத் தளர்த்தினால் சாலைப் பாதுகாப்பு என்னாவது என்று கேட்பவர்களுக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் பிரிட்டன் ஓட்டுநர் தேர்வையே நிறுத்தியது. 1946 நவம்பரில்தான் மறுபடி தொடங்கியது. போர்க்காலத்தில் தற்காலிக உரிமம் வைத்திருந்தவர்கள் தேர்வு எழுதாமலே முழு உரிமமாக மாற்றிக்கொள்ள 1947இல் ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். 1956இல் சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது தேர்வுகள் மீண்டும் நின்றன. பழகுநர்கள் துணைக்கு ஆளின்றித் தனியாகவே ஓட்டலாம் என்று அனுமதித்தார்கள்.

கொரோனா காலத்தில் இரு நாடுகளும் இரு வழியில் போயின. பிரிட்டனில் தேர்வு மையங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆனாலும் எழுத்துத் தேர்வுச் சான்றிதழின் இரண்டு ஆண்டுக் கெடுவை நீட்டிக்க அரசு மறுத்துவிட்டது. படித்த விதி நினைவில் இருக்கும்போதே ஓட்டுதல் தேர்வும் நடக்க வேண்டும் என்றது. மையம் மூடியது பழகுநரின் தவறில்லை என்று பலர் மன்றாடியும் பயனில்லை. மறுபடி 23 பவுண்டு கட்டி எழுதினார்கள். இந்தியாவிலோ, 2020 பிப்ரவரி 1க்குப் பிறகு காலாவதியான ஓட்டுநர் உரிமம், தகுதிச் சான்று, பெர்மிட் போன்ற ஆவணங்கள் செல்லும் என்று மத்திய அரசு மார்ச் 30 அன்று அறிவித்தது. பிறகு ஒவ்வொரு தவணையாக நீட்டி, 2021 அக்டோபர் 31 வரை கொண்டுபோனது. சரக்கு வண்டிகள் நின்றால் நாடு நின்றுவிடும் என்று அரசுக்குத் தெரியும்.

போர் வந்தால் தளரும். எண்ணெய் தீர்ந்தால் தளரும். நோய் வந்தால் தளரும். முதலாளிக்கு ஓட்டுநர் கிடைக்காவிட்டால் தளரும். ஒரு கூலிக்காரரின் பையன் ஆறு மாதத்தில் பணம் புரட்ட முடியாமல் போனால் மட்டும் சட்டம் கறாராக நிற்கும்.

சாலையில் சாவது யார்

காலக்கெடுவே வேண்டாம் என்பது நம் வாதமில்லை. கற்றதும் ஓட்டுவதும் அருகருகே இருக்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். சுமார் 19 விழுக்காடு நடந்து போனவர்கள். சாலையோரம் நடப்பதும், சைக்கிளில் வேலைக்குப் போவதும், சாலையைப் பெருக்குவதும் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். அரைகுறையாக ஓட்டுபவரால் முதலில் அடிபடுவது நம் ஆட்கள்தான். ஆகவே தேர்வு கடுமையாக இருக்கட்டும். நேர்மையாகவும் இருக்கட்டும்.

நாம் கேட்பது வேறு. தேர்வு திறமையை அளக்கட்டும், பையில் உள்ள பணத்தை அளக்க வேண்டாம். நெருக்கடியில் அரசு கெடுவை நீட்டலாம் என்றால், வறுமை என்ற நிரந்தர நெருக்கடிக்கும் ஒரு வழி வைக்கலாம். கெடுவுக்குள் தேர்வுக்குப் பதிந்தும் ஸ்லாட் கிடைக்காதவரின் பழகுநர் உரிமம், அந்தத் தேர்வு நாள் வரை செல்ல வேண்டும். கூலி இழக்காமல் வர ஞாயிற்றுக்கிழமையும் தேர்வு நடத்த வேண்டும். முதல் முறை எல்.எல்.ஆர். காலாவதியான பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களுக்கு இரண்டாம் முறை கட்டண விலக்கு வேண்டும். மூன்று முறை தோற்றவருக்கான திருத்தப் பயிற்சியை அரசு செலவில் கொடுக்க வேண்டும். 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ, நம் இளைஞர்கள் வாகனம் வாங்க மானியத்துடன் கடன் ஏற்பாடு செய்கிறது. அந்தக் கடனுக்கு ஓட்டுநர் உரிமம் கேட்கிறார்கள். உரிமம் ஆறு மாதத்தில் கைநழுவினால் கடனும் நழுவும். இந்த முடிச்சை அரசுதான் அவிழ்க்க வேண்டும்.

அரசு அவிழ்க்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் இரவுப் பாடசாலையிலும் படிப்பகத்திலும் சாலைக் குறியீடுகளை ஓர் இரவில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எல்.எல்.ஆர். வாங்கியவர்களின் தேதியை ஒரு நோட்டில் எழுதி, 30ஆம் நாளும் 150ஆம் நாளும் நினைவூட்டலாம். பயிற்சிப் பணம் கையில் சேர்ந்த பிறகே எழுத்துத் தேர்வுக்குப் பதியச் சொல்லலாம். கெடு ஓடத் தொடங்குவது அன்றிலிருந்துதான். பெண் தோழர்களை இதில் முதலில் சேருங்கள். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த அண்ணன்கள் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், டிரைவிங் ஸ்கூல் கட்டணத்தில் பாதி மிச்சமாகும்.

சாலிஸ்காவில் அன்று கடிவாளம் பிடித்தவருக்கு யாராவது ஒரு வாரம் கற்றுக்கொடுத்திருந்தால் போதும். அண்ணலின் கால் முறிந்திருக்காது. அந்த ஒரு வாரத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே கொடுப்போம். மீதியைச் சட்டத்திடம் கேட்டு வாங்குவோம்.

ஜெய் பீம்.